ஜெசிந்தா அக்கா விற்க மறுத்த பிஸ்டன் செட்

ஜெசிந்தா அக்கா இன்று காலை இறந்துவிட்டார். மாரடைப்பு. மகன் போன் பண்ணிச் சொன்னார்.

யாழ் டவுனில் பழைய வாகனங்களுக்குச் சாமான் தேடி அலைந்தவர்களுக்கு அவரைத் தெரியும். குருநகர் ஆள். கணவர் போன பிறகு ஸ்பெயார் பார்ட்ஸ் கடையைத் தனியாக நடத்தினவர். சிரிக்கமாட்டார். கூடக் கதைத்தால் சாமானைத் திரும்ப ராக்கையில் வைத்துவிடுவார்.

எனக்கும் அவருக்கும் முதலில் ஒத்துவரவே இல்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். செத்தவுடன் எல்லாரையும் தெய்வமாக்குகிற வேலை எனக்குச் சரிவராது.

என்னுடைய பழைய ஏ-40 பிக்கப்பை இந்தப் பக்கத்தில் பலர் படத்தில் பார்த்திருப்பீர்கள். நீர்வேலியில் வாழைக்குலை ஏற்றி ஓய்ந்துபோய் நின்றதை வாங்கினேன். மூன்று வருடமாக என் ஞாயிற்றுக்கிழமைகள் அதோடுதான். தகர வேலை, வயரிங், பிரேக்... எல்லாம் நானே.

எஞ்சின் மட்டும் சரிவரவில்லை. ஸ்டார்ட் ஆகும், இழுவை இல்லை.

கம்ப்ரஷன் கேஜ் போட்டுப் பார்த்தேன். நாலு சிலிண்டரிலும் அழுத்தம் குறைவு. பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, கதை முடிந்தது என்று நானே தீர்ப்பு எழுதினேன். ஒட்டோமொபைல் படித்தவனுக்கு யார் சொல்ல வேண்டும்! எஞ்சின் பிளாக்கைப் போர் பண்ண, அதாவது சிலிண்டர்களைக் கடைந்து பெரிதாக்க, லேத்தில் நாளும் எடுத்துவிட்டு, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் வாங்க அக்காவிடம் போனேன். அவரிடம் ஒரேயொரு செட் இருந்தது. வேறெங்கும் இல்லை.

"ஹெட் கழட்டிப் பாத்தனீரோ?"

"இல்லை. கேஜ் காட்டுது தானே அக்கா."

"நாலும் என்ன அளவு?"

"நாலும் ஒரே அளவு."

"நாலு பிஸ்டனும் கூடிக் கதைச்சோ தம்பி தேஞ்சது?"

பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

"அக்கா, நான் கேட்டது பிஸ்டன். வகுப்பு இல்லை."

"தரமாட்டன். ஹெட்டைக் கழட்டிப்போட்டு வாரும்."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவருடைய கடைக்கு ஒரு நட்சத்திரம் போட்டு ரிவியூ எழுதினேன். 'வாடிக்கையாளரை மதிக்கத் தெரியாத கடை. தொழில்நுட்ப அறிவு பூச்சியம்.' என் சொந்தப் பெயரில், படத்தோடு.

அடுத்த ஞாயிறு எஞ்சினின் மேல்மூடியை, அந்த ஹெட்டைக் கழற்றினேன். அவர் சொன்னதற்காக அல்ல, அவர் பிழை என்று காட்டுவதற்காக.

ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் ஒரு கேஸ்கட் தகடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. ஒன்றின் மேல் ஒன்று.

சண்டைக் காலத்தில், பெற்றோல் வராதபோது, இங்கே வாகனங்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. கம்ப்ரஷன் கூடினால் மண்ணெண்ணெயில் எஞ்சின் தட்டும். அதற்காக யாரோ இரண்டாவது கேஸ்கட்டை வைத்து, இடைவெளியைக் கூட்டி, கம்ப்ரஷனை வேண்டுமென்றே குறைத்திருக்கிறார்கள். பிறகு பெற்றோல் வந்தது... அதை எடுக்கத்தான் ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

சிலிண்டர் சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் ஏற்கெனவே இரண்டு தடவை போர் பண்ணின பிளாக். மூன்றாவது தடவை வெட்டியிருந்தால் சுவர் தாங்காது. பிளாக் குப்பைக்குத்தான். இந்தக் குடாநாட்டில் இன்னொன்றுக்கு எங்கே போவது?

சிலிண்டருக்குள் கொஞ்சம் ஒயில் விட்டு இரண்டாம் தடவை அளந்திருந்தால், அளவு ஏறாததைப் பார்த்து ரிங்கில் பிழை இல்லை என்று எனக்கே தெரிந்திருக்கும். முதலாம் வருடப் பாடம். அவசரம்.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன்.

"ஒரு ஹெட் கேஸ்கட் வேணும் அக்கா."

"ஒண்டு காணுமோ?"

முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"காணும், ஒண்டே போதும்."

"பெற்றோல் இல்லாத காலத்தில எங்கடை கடையில எல்லாருக்கும் சோடியாய்த்தான் வித்தனாங்கள்" என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

அப்போதுதான் கண்டேன். சுவரில், மாதா படத்துக்குப் பக்கத்தில், என்னுடைய ரிவியூ. பிரிண்ட் எடுத்து, லமினேட் பண்ணி.

"அதை அழிச்சுவிடுறன் அக்கா."

"அழிக்காதையும். இதை வாசிக்கவெண்டே பெடியள் வருகினம். வந்தவை ஒரு பிளக் எண்டாலும் வாங்காமல் போறேல்லை."

மன்னிப்பு நான் கேட்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அதன் பிறகு ஒரு ஆணி வாங்குவதென்றாலும் அங்கேதான்.

எஞ்சின் பூட்டி முடிந்ததும் பிக்கப்பைக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் கல்லாவை விட்டு எழும்பி வெளியே வந்து, பொனட்டில் கை வைத்து எஞ்சின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

"ஸ்பார்க் டைமிங் பின்னுக்கு நிக்குது."

"இல்லை அக்கா. டைமிங் லைட் பிடிச்சுப் பாத்துத்தான் வைச்சனான்."

"லைட்டோ? ஏன், காதில்லையோ உமக்கு?"

நடுத் தெருவில் கால் மணித்தியாலம் சண்டை. பின்னால் ஓட்டோக்காரர் ஹோர்ன் அடிக்க அடிக்க... இரண்டு பேரும் விடவில்லை.

அந்த விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. இன்றைக்கும் மாற்றமாட்டேன்.

நாளை பின்னேரம் அக்காவை அடக்கம் பண்ணச் சேமக்காலைக்குக் கொண்டுபோகும்போது மலர்வளையங்கள் ஏற்ற பிக்கப் தர முடியுமா என்று மகன் கேட்டார். "அண்ணை, இடையில நிண்டிடாது தானே?" என்றும் கேட்டார்.

நிற்காது என்றேன்.

ஊர்வலம் நடை வேகத்தில் போகும், ரேடியேற்றர் சூடேறும். தண்ணி மாற்றி, ஃபேன் பெல்ட் இறுக்கி, ஒரு மணித்தியாலம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டுப் பார்த்தாயிற்று. சூடு காட்டும் ஊசி அசையவில்லை.

ஆறுதலாய்ப் போங்கோ அக்கா. பிக்கப் பின்னால வருது.