சூடம் மணத்த ஜில்லு

என் நாய் ஜில்லுவுக்குக் காது ஓரத்திலும் முழங்கையிலும் முடி கொட்டி, தோல் தடித்துப்போய்விட்டது. எந்நேரமும் சொறிந்துகொண்டே இருந்தது. டெல்லி துவாரகாவில் எங்கள் அடுக்குமாடி லிப்டில் அதைப் பார்த்தாலே எதிர்வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி, "லிப்ட் மே மத் லாவோ!" என்று, லிப்டுக்குள் கொண்டுவராதே என இந்தியில் கத்துவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

திருநெல்வேலியிலிருந்து அம்மா போனில் வைத்தியம் சொன்னாள். "தேங்காண்ணெயில சூடத்தப் போட்டுக் காய்ச்சித் தடவுல, சரியாப் போயிரும்."

தடவினேன். வெளியே கூட்டிப்போகக் கதவைத் திறந்தபோது ஜில்லு அதை நக்க ஆரம்பித்தது. எதிரே நின்ற ஆன்ட்டிக்குச் சூட வாசனை பிடிபட்டுவிட்டது.

"கபூர் லகாயா? பேட்டா, சாட்டேகா தோ மர் ஜாயேகா!"

சூடத்தை நக்கினால் செத்துப்போகுமாம். நான் துடைக்கத் துணி தேடினேன். அவரோ துப்பட்டாவை உருவி ஜில்லுவைச் சுற்றிக் கட்டி, தூக்கிக்கொண்டு, அதே லிப்டின் பொத்தானை அழுத்தினார்.

கிளினிக்கில் முதலில் எண்ணெயைக் கழுவினார்கள். டாக்டர் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள். எடைக்கேற்ற மாத்திரை கொடுத்து, படுக்கைத் துணியை வெந்நீரில் துவைக்கச் சொன்னார். இந்தச் சொறி மனிதர்களுக்கும் தொற்றும் என்றார்.

ஆன்ட்டி கத்தியதில் நியாயம் இருந்திருக்கிறது. தொற்றிவிடும் என்ற பயத்தோடுதான் ஜில்லுவை மார்போடு அணைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

இப்போது ஜில்லுவுக்கு முடி வளர்ந்துவிட்டது. சூடம் சாமி அலமாரிக்கே திரும்பிவிட்டது. காலையில் ஆன்ட்டி லிப்டை நிறுத்தி வைத்துக்கொண்டு, "ஜல்தி ஆஜா, ஜில்லு!" என்று சீக்கிரம் வரச்சொல்லிக் கூப்பிடுகிறார். என்னைக் கூப்பிடுவதில்லை. நானாகவே பின்னால் ஓடிப்போய் ஏறிக்கொள்கிறேன்.