சொந்த ஊரில் சுற்றுப்பயணி

ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குக் குடிபோன இத்தனை வருடங்களில் நான் ஏங்கியது பெரிதாக எதற்கும் இல்லை. எங்கள் ஊரான ஈஜோக் முச்சந்தியில் சாலையோர ஒட்டுக்கடை முன்னால் நின்றபடியே ரொட்டி சானாய் தின்ன வேண்டும். செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, முந்தவும் முடியாமல் திட்டிக்கொண்டே கோலா சிலாங்கூர் வரை போக வேண்டும். அவ்வளவுதான். குளிர்காலத்தில் பாத்திரம் கழுவும்போது அந்தச் சாலையின் ஒவ்வொரு வளைவையும் மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பேன். கணவர் கூப்பிடுவது காதில் விழாது. "மறுபடியும் ஈஜோக் போயிட்டியா?" என்பார்.

சென்ற மாதம் ஒருவழியாக வந்து சேர்ந்தேன். அண்ணன் வீட்டில் தங்கல். வாசலில் கால் வைத்ததுமே உபசாரம் ஆரம்பித்துவிட்டது. எனக்கு மட்டும் ஒரு பெட்டி போத்தல் தண்ணீர். குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்து வளர்ந்த வயிறு இது! மீன் கறியில் காரமே இல்லை. கை கழுவிவிட்டு உட்கார்ந்தால் தட்டுக்குப் பக்கத்தில் முள்கரண்டி. "அங்க இதுதானே உங்களுக்குப் பழக்கம்" என்றார் அண்ணி. முன்பெல்லாம் வாடி, போடி என்று கூப்பிட்டவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்ல மனதோடு செய்கிறவரிடம் எப்படிச் சண்டை பிடிப்பது? உறைக்காத கறியை விழுங்கினேன்.

மறுநாள், நாங்கள் வளர்ந்த பழைய தோட்டத்துப் பக்கம் போய்வர அண்ணனிடம் மோட்டார் சைக்கிள் சாவியைக் கேட்டேன்.

"வெயிலு உனக்குத் தாங்காது. ரோட்டுல லோரி வேற ஜாஸ்தி. நான் கார்ல கூட்டிட்டுப் போறேன்லா" என்று சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். சின்ன வயதில் இதே சாலையில் நான் ஓட்ட, பின்னால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தவன் அவன்.

காரில் கண்ணாடியை இறக்க விடவில்லை, ஏர்கோன் வெளியே போய்விடுமாம். குன்றுமேல் கலங்கரை விளக்கத்துக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தான். குரங்கோடு ஒரு படம். ஒட்டுக்கடையைத் தாண்டும்போது நிறுத்தச் சொன்னேன். "அங்க சுத்தமா இருக்காது, உனக்கு ஒத்துக்காது" என்றான். தினமும் அவன் பசியாறுகிற கடை!

மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் என்னையும் அண்ணியையும் ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனான். மின்மினிப் பூச்சி காட்டும் படகாம். இந்த ஊரில் பிறந்த நாங்கள் யாரும் அதில் ஏறியதே இல்லை. பணம் கொடுத்துப் பூச்சி பார்க்கிறார்களே என்று வெளியூர்க்காரர்களைக் கேலி செய்ததுதான் உண்டு.

டிக்கெட் முகப்பில் உள்நாட்டவருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு ஒரு விலை. அண்ணன் யோசிக்கவே இல்லை. உள்ளூர் இரண்டு, வெளிநாடு ஒன்று என்று மலாயில் சொன்னான்.

கைப்பையைத் திறந்து என் ஐசியை, இந்த நாட்டு அடையாள அட்டையை, எடுத்து முகப்பில் அடித்து வைத்தேன். உள்ளே இருந்த பெண் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"யாருண்ணே வெளிநாடு? நானா?"

போத்தல் தண்ணீர், முள்கரண்டி, சாவி, அத்தனையும் கொட்டித் தீர்த்தேன். வரிசையே வேடிக்கை பார்த்தது. அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். பார்க்கட்டும், எனக்கென்ன! ஆஸ்திரேலியக் குடியுரிமை எடுத்தால் அந்த அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எடு, எடு என்று வருடக்கணக்காக நச்சரிக்கும் கணவரோடு முகம் கொடுத்துப் பேசாமல்கூட இருந்து நான் காப்பாற்றி வைத்திருப்பது அது.

அண்ணன் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்குக் கோபமே வரவில்லை.

"இன்னும் வச்சிருக்கியா? நீ எப்பவோ குடியுரிமைய மாத்தியிருப்பேன்னுல நெனச்சோம்." பிறகு, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டான்: "அப்படின்னா, திரும்பி வரப்போறியா?"

கத்துவதற்குத்தான் வாயைத் திறந்தேன். ஆமாம் என்று சொல்ல வரவில்லை.

அவன் அட்டையை என் கையில் கொடுத்துவிட்டு, உள்ளூர் மூன்று என்று அந்தப் பெண்ணிடம் திருத்திச் சொன்னான்.