துர்பியோவின் ஐந்து குண்டுகள்

துர்பியோவின் கவணிலிருந்து கிளம்பிய ஈயக்குண்டு ஒன்று மூன்று மலைகளைத் தாண்டிப் போய், பகை அரசன் ஒருவனின் மீசையை ஒரு பக்கம் மட்டும் மழித்துவிட்டு, போன வழியே திரும்பி வந்து அவன் பையிலேயே விழுந்ததாம். சூடு ஆறாத அந்தக் குண்டின்மேல் எட்டுப் பேருக்கு முட்டை பொரித்தார்களாம்.

இந்தக் கதையைக் கட்டிவிட்டவன் இதை எழுதுகிற பிக்காதான். பாசறை முழுக்கப் பரப்பியவனும் அவனே. அந்த வருஷம் குளிர் விடும் நேரத்தில் துர்பியோவால் வலது கையைத் தூக்கித் தலைக்கவசத்தின் வாரைக்கூடக் கட்ட முடியவில்லை. இடது கையால் கட்டுவான், பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்வான்.

படையில் அவனுக்கு இது இருபத்தைந்தாவது வருஷம். பத்தொன்பது வயதில் சேர்ந்தபோது எல்லாரையும் போல அவனுக்கும் வாள், ஈட்டி, கடைசியில் கவண் பழக்கினார்கள். கவணுக்கு எடையே கிடையாது, கல் எங்கும் கிடைக்கும், ஆகவே தெரியாதென்று எவனும் தப்ப முடியாது. தலைக்கு மேல் ஒரே ஒரு சுற்று, உடனே விட வேண்டும். இரண்டாவது சுற்று சுற்றினால் முதுகில் பிரம்பு விழும். அந்த ஒரு சுற்றை இருபத்து நான்கு வருஷம் சுற்றிச் சுற்றித் தோள்மூட்டு தேய்ந்துவிட்டது. மூட்டை சுமந்து நடந்ததும் அதே தோளில்தான். தூரத்துக்கு நீளக் கவண் கையில், நடுத்தரம் இடுப்பில், குட்டைக் கவண் தலையைச் சுற்றி என்று மூன்றையும் மாட்டிக்கொண்டு அவன் நிற்பதைப் பார்த்தால் துணி காயப்போட்ட கம்பம் மாதிரி இருக்கும். இதைச் சொன்னவனும் பிக்காதான்.

"பெருசு, மூணு கவணுக்கு நடுவுல நீ எங்க இருக்க?"

"உன்னை எதுல வெச்சு எறியலாம்னு பாத்துக்கிட்டிருக்கேன்டா."

பிக்கா அதே கூடாரத்துக்காரன், புதுசாகச் சேர்ந்தவன், பதினேழு வயது. வாத்தியாரின் மைக்கூட்டில் மீன்சாற்றை ஊற்றியதோடு அவன் படிப்பு முடிந்தது. கூடாரத்தின் எட்டுப் பேரில் அவனுக்கு இடம் துர்பியோவுக்கு எதிரே. நாலு மாதமாக, கஞ்சிக் கிண்ணத்தின் விளிம்பைப் பிடித்த துர்பியோவின் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டான். வாலிபத்தில் பாலம் கட்டும்போது மரக்கட்டைக்கு அடியில் நசுங்கிய விரல். நகத்தில் நீளமாக ஒரு வெடிப்பு.

குண்டு வார்ப்பதற்கு ஈர மணலில் கட்டைவிரலை அழுத்திக் குழி பண்ணி, உருக்கிய ஈயத்தை ஊற்றுவார்கள். சோதனை நாளில் அவரவர் குண்டு அவரவர் விரலால்தான், இன்னொருத்தன் அடித்ததைத் தனதென்று சொல்ல முடியாது. துர்பியோவின் குண்டில் அந்த வெடிப்பு அப்படியே விழும்.

சோதனை என்பது அறுநூறு அடி தள்ளிக் கம்பத்தில் கட்டிய சுள்ளிக்கட்டு, ஆளுக்கு ஐந்து குண்டு, குறைந்தது மூன்று பட வேண்டும். தவறினால் சாப்பாட்டுப் படியில் கோதுமை நின்றுபோய் மட்டமான வாற்கோதுமை, கூடவே அகழி வெட்டும் வேலை. இளசுகளுக்கு அது ஒரு மாத எரிச்சல். துர்பியோ படையிலிருந்து ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம் இருந்தது. போன வருஷம் அகழிச் சேற்றில் இறங்கிய அவன் வயதுக்காரர்கள் இரண்டு பேர் இருமி இருமியே போய்ச் சேர்ந்தார்கள்.

"எத்தனை படும் பெருசு?"

"ஒண்ணு படும். ரெண்டு பட்டா சாமி செயல்."

"மூணு?"

"மூணு பட்டா நீ சொன்ன முட்டைக் கதையை நானே நம்பிடுவேன்."

சோதனையன்று சுள்ளிக்கட்டுக்குப் பக்கத்துக் குழியில் உட்கார்ந்து "பட்டுது" என்று கத்தி, பட்ட குண்டைப் பொறுக்கி வருகிற வேலை பிக்காவுக்கு. குண்டு காதோரம் போகும் வேலை என்பதால் யாரும் கேட்டு வாங்குவதில்லை. பிக்கா கேட்டு வாங்கினான்.

துர்பியோ சுற்றினான். முதல் குண்டு கையை விட்டபோதே சரியாகப் போகிறதென்று தெரிந்தது, பட்டது. இரண்டாவதில் தோளுக்குள் ஏதோ கிழிந்த மாதிரி வலி, குண்டு ஓடைப் பக்கம் போனது. மூன்றாவதும் அந்தப் பக்கம்தான். நான்காவதை விடும்போது கண்ணை மூடிக்கொண்டான். "பட்டுது!" என்று கேட்டது. ஐந்தாவது எங்கே போனதென்று அவனுக்கே தெரியாது. மறுபடி "பட்டுது!"

பிக்கா மூன்று குண்டுகளைக் கொண்டுவந்து நீட்டினான். நூற்றுவர் தலைவன் தெர்த்துல்லஸ் மேலோட்டமாகத் திருப்பிப் பார்த்தான்.

"வெடிப்பு இருக்கு. துர்பியோதுதான். அடுத்தவன் வா!"

அவ்வளவுதான். இனி அகழி இல்லை. துர்பியோவுக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. குண்டுகளை வாங்கிக்கொண்டு போய் ஈயம் உருக்கும் அடுப்போரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தடவினான். ஒன்று அவனுடையது. மற்ற இரண்டும் ஒல்லியாக இருந்தன. வெடிப்பு இருந்தது, குச்சியால் கீறியது போல, ரொம்ப நேர்த்தியாக. ஆனால் இடப்பக்கம் இருக்க வேண்டியது வலப்பக்கத்தில்.

பிக்கா விசிலடித்துக்கொண்டே வந்தான்.

"என்ன பெருசு, முட்டை கொண்டு வரட்டுமா?"

"கட்டைவிரலைக் காட்டு."

"எதுக்கு?"

"காட்டுடா."

காட்டினான். துர்பியோ ஒல்லிக் குண்டு ஒன்றை அந்த விரல் பக்கத்தில் வைத்தான். கூடப்பிறந்தவை மாதிரி இருந்தன.

"யாரோ மாத்திப் போட்டிருப்பாங்க அண்ணே," என்றான் பிக்கா. அண்ணே என்று அவன் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

துர்பியோ இரண்டு குண்டுகளையும் ஈயச் சட்டியில் போட்டான். அவை உருகும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெடிப்பு எனக்கு இடப்பக்கம். எதிர உக்காந்து என் கையையே பாத்துக்கிட்டுத் தின்னவனுக்குத்தான் அது வலப்பக்கமாத் தெரியும். அந்த இடத்துல ஒருத்தன்தான் உக்காருறான்."

பிக்கா கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டான். காது சிவந்தது.

துர்பியோ இடது கையை ஊன்றி மெல்ல எழுந்தான்.

"நாளையிலேருந்து என் பக்கத்துல உக்காந்து தின்னு."