முப்பதில் நின்ற முள்

எங்கள் அண்ணன் அவர்கள் கண்ணை மூடி, வரும் திதியோடு ஓராண்டு நிறைகிறது. அன்று வீட்டுக்கு வந்து விளக்கேற்றப் போகும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் இந்த நினைவு மலரைக் கொடுக்க வேண்டும் என்று அண்ணியார் விரும்பினார்கள். எழுதும் பொறுப்பை எனக்கு விட்டார்கள். "நடந்ததை நடந்தபடி எழுதுங்க தம்பி. நல்லதை மட்டும் பொறுக்கி எழுதாதீங்க" என்றும் சொன்னார்கள். அதன்படியே எழுதுகிறேன்.

அண்ணன் அவர்கள் பிறந்தது மலாக்காவில், ஜாசின் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா ரப்பர் தகடுகளை உலர்த்தும் புகைவீட்டில் வேலை செய்தார். அம்மா பால் எடுக்க மரம் வெட்டினார். அண்ணனுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது அப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அடுத்த வாரமே தோட்டத்துத் தொழிற்சாலையின் இஞ்சின் அறையில் அண்ணனை உட்கார வைத்தார்கள். அழுத்தம் காட்டும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்து, முள் சிவப்புக் கோட்டை நெருங்கினால் சத்தம் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் நாள் முழுவதும் ஒரு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை வந்துவிட்டது. பதினைந்து வயதில் அதைக் கழற்றி மாட்டத் தெரிந்துவிட்டது. என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது அந்தச் சம்பளம்தான்.

பிறகு மலாக்கா பட்டணத்துக்கு வந்து மோட்டார் பட்டறை ஒன்றில் சேர்ந்தார். ஜப்பான்காரன் காலத்தில் இராணுவ லாரிகளைப் பழுது பார்க்கப் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்று வருடம் அடியும் மரவள்ளிக்கிழங்குமாக இருந்துவிட்டுத் திரும்பினார். அந்தக் காலத்தைப் பற்றி எங்களிடம் எதுவும் பேசியதில்லை. சண்டை ஓய்ந்த பின் புக்கிட் பாருவிலிருந்து அண்ணியாரைக் கட்டிக்கொண்டு, காஜா பேராங்கில் இந்த வீட்டுக்குக் குடிவந்தார். முன் அறையில் ஒரு மேசை போட்டு மீட்டர் பழுது பார்க்கத் தொடங்கினார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்த பிறகும் நான் அவர்களோடுதான் இருந்தேன்.

அண்ணன் அவர்கள் அதிகம் பேசமாட்டார். கோபம் வந்தால் மேசையைத் துடைக்கத் தொடங்கிவிடுவார். தன் மனத்துக்குத் திருப்தி இல்லாத மீட்டரை யார் கேட்டாலும் கையில் கொடுக்கமாட்டார். ஒரு லாரிக்காரர் அவசரம் என்று மூன்று தடவை வந்து கத்தியும், அண்ணன் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த சென்ற ஆண்டின் தொடக்கத்தில் எங்கள் தெருக்கோடியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மலாக்கா செட்டி வம்சம். நம் கோயில்தான், நம் சாமிதான், ஆனால் பேச்செல்லாம் மலாய். கையில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் இரண்டு மீட்டர்கள், வேகம் காட்டுவது ஒன்று, பேட்டரியின் மின்சாரம் காட்டுவது ஒன்று. சண்டைக்கு முன் அவர் வாங்கிய இங்கிலீஷ் மோட்டார் சைக்கிளில் இருந்தவை. ஜப்பான்காரன் கண்ணில் படாமல் இருக்க வண்டியைக் கழற்றிக் கோழிக்கூட்டுக்கு அடியில் புதைத்து வைத்திருந்தாராம். இஞ்சினை வேறொருவர் சரிசெய்துவிட்டார். மீட்டர்களைத் தொட ஆள் இல்லை.

"சுதந்திரக் கொடி ஏறுற அன்னைக்கு நான் அதுல போகணும்" என்று மலாயில் சொன்னார்.

"போகலாம்" என்றார் அண்ணன். அவர் யாருக்கும் அப்படி உடனே வாக்குக் கொடுத்து நான் கேட்டதில்லை.

துருப்பிடித்து இறுகிப்போன வளையத்தை எண்ணெயில் ஊறப்போட்டு, நாளுக்குக் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி ஒரு வாரத்தில் கழற்றினார். வெடித்த கண்ணாடிக்குப் பதில் புதிதாக வெட்டினார். மைல் காட்டும் சின்னச் சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கழுவினார். முள்ளைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும் ஹேர்ஸ்பிரிங் மட்டும் தொட்டவுடன் பொடியாகிவிட்டது. வேறொரு மீட்டரிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். அதன் இழுவையைச் சரிப்படுத்தினால் போதும் என்றார். முகப்பில் மங்கிப்போயிருந்த எண்களை ஊசிமுனைத் தூரிகையால் மறுபடி எழுதினார். பத்து, இருபது, முப்பது, நாற்பது.

நாற்பதை முடித்த மறுநாள் காலை, பசியாறிவிட்டு மேசையில் உட்கார்ந்தவர் கையிலிருந்து திருப்புளி கீழே விழுந்தது. அவர் அதைக் குனிந்து எடுக்கவில்லை. தரையில் கிடந்த திருப்புளியையே பார்த்துக்கொண்டு இருந்தார். "என்னங்க?" என்று அண்ணியார் கேட்டபோது வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் ஒரே நிமிடத்தில் போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்துப் பார்த்தார்கள். பிறகு வீட்டுக்கு அழைத்துப் போகச் சொன்னார்கள். நாம் சொல்வதெல்லாம் அண்ணனுக்குப் புரியும். அவர் சொல்ல நினைப்பது மட்டும் வெளியே வராது. சரி என்றால் ஒரு முறை இமையை மூடுவார். இல்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இருபது வருடம் எனக்குச் சோறு போட்ட மனிதருக்குத் தண்ணீர் வேண்டுமா, தலையணை வேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பல நேரம் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

செட்டிப் பெரியவர் பார்க்க வந்தார். "தாக் ஆப்பா, தாக் ஆப்பா, பரவாயில்லை, வண்டி கிடக்கட்டும்" என்று அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னார். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இடது கையால் மேசையைக் காட்டினார்.

அண்ணியார் எழுந்தார்கள். அதுவரை அந்த மேசையைத் துடைக்கக்கூட அவர்களை அண்ணன் விட்டதில்லை. ரவிக்கை தைத்துப் பழகிய கை. கட்டிலை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டோம். அண்ணியார் ஒவ்வொரு சாமானாக எடுத்துக் காட்டுவார்கள். "இதுவா? இது இல்லையா? அப்ப இந்தச் சின்னதா?" இமை மூடினால் அடுத்தது. ஐம்பது முதல் எண்பது வரை எழுதியது அண்ணியார்தான். மின்சார மீட்டரை இரண்டு வாரத்தில் முடித்தார்கள். அது இன்றும் சரியாகக் காட்டுகிறது. வேக மீட்டரில் ஹேர்ஸ்பிரிங்கை மாட்ட ஒன்பது நாள் ஆனது.

சோதித்துப் பார்க்கும் வழி அண்ணன் முன்பே எனக்குச் சொல்லியிருந்ததுதான். முப்பதில் முள்ளை நிறுத்தி ஓட்டினால் ஒரு மைலுக்குச் சரியாக இரண்டு நிமிடம் ஆக வேண்டும். பெரியவர் வண்டியை ஓட்ட, நான் பின்னால் கடிகாரத்தோடு உட்கார்ந்து தஞ்சோங் கிளிங் சாலையில் போனோம். நாலாவது மைல் கட்டையிலிருந்து ஐந்தாவது கட்டைக்கு இரண்டரை நிமிடம் ஆனது. மீட்டர் முப்பது காட்டும்போது வண்டி இருபத்து நான்கில்தான் போகிறது.

வந்து உள்ளதைச் சொன்னேன். அண்ணன் அவர்களின் கண்கள் பரபரத்தன. எதைச் செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஸ்பிரிங்கின் இழுவையை எந்தப் பக்கம், எவ்வளவு மாற்ற வேண்டும் என்பது அவர் தலைக்குள் தெளிவாக இருந்தது. வாயைத் திறந்தார். ஓசைதான் வந்தது. இடது கையால் காற்றில் என்னவோ சுழற்றிக் காட்டினார். அண்ணியார் அந்தப் பக்கம் திருப்பப் போனால் முகத்தைத் திருப்பினார். இந்தப் பக்கம் திருப்பப் போனாலும் முகத்தைத் திருப்பினார். இரண்டு நாள் இப்படியே போயிற்று. மூன்றாம் நாள் இடது கையால் கட்டிலின் சட்டத்தை அடித்து அடித்து அழுதார். அண்ணன் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தேன். அவ்வளவு படிக்க வைத்த தம்பியால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

அதன் பின் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காய்ச்சலும் கண்டது. ஒரு வாரம் கழித்து அண்ணியார் மீட்டரை மூடி என் கையில் கொடுத்து, "போய்ப் பார்த்துட்டு வாங்க தம்பி" என்றார்கள். மறுபடி போனோம். அதே சாலை, அதே கட்டைகள், அதே இரண்டரை நிமிடம். பெரியவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"வீட்டுல என்ன சொல்லப் போறே?" என்று கேட்டார்.

"சரியாயிடுச்சுன்னு சொல்லப் போறேன்."

அவர் தலையை ஆட்டினார். "அப்ப நானும் அதையே சொல்றேன்."

கட்டில் அருகே போய், "அண்ணே, இரண்டு நிமிஷம். சரியா இரண்டு நிமிஷம்" என்றேன். பெரியவரும் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அண்ணன் அவர்கள் என் முகத்தை ஒரு முழு நிமிடம் பார்த்திருப்பார். பிறகு ஒரு முறை இமையை மூடினார். அன்று மாலை நாலு கரண்டி கஞ்சி குடித்தார். நான் செய்தது நல்லது என்று நம்பினேன். நான்காம் நாள் விடிந்த கொஞ்ச நேரத்தில் அவர் மூச்சு அடங்கியது. சுதந்திரத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

கொடி ஏறிய அன்று பெரியவர் அந்த வண்டியில் போனார். எங்கள் வீட்டு வாசலில் ஒரு கணம் நிறுத்தி, தொப்பியைக் கழற்றிவிட்டுப் போனார். அந்தச் சத்தம் தெருமுனையில் தேய்ந்ததும் அண்ணியார் என் பக்கம் திரும்பினார்கள்.

"அந்த மீட்டர் இன்னும் தப்பாத்தானே காட்டுது?"

"யார் சொன்னாங்க அண்ணி?"

"யாரு சொல்லணும்? ரெண்டாவது தடவை நீங்க எடுத்துட்டுப் போனப்ப நான் உள்ளே எதையுமே மாத்தலை தம்பி. எனக்குத் தெரியலை. என் கை ஓடலை. அப்படியே மூடிக் கொடுத்துட்டேன். மாத்தாத மீட்டர் எப்படிச் சரியாகும்?"

"அப்ப அண்ணனுக்கு...?"

"பக்கத்துலதானே படுத்திருந்தாரு. நான் மூடினதைப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தாரு."

சொல்லிவிட்டு அண்ணியார் உள்ளே போய்விட்டார்கள்.

அண்ணன் அவர்களைச் சுமந்து சென்ற தெருவாசிகளுக்கும், பதினாறு நாளும் சமைத்து அனுப்பிய பக்கத்து வீட்டாருக்கும், புக்கிட் பாருவிலிருந்தும் ஜாசினிலிருந்தும் வந்து நின்ற உறவினர்களுக்கும், முகம் சுளிக்காமல் வந்து மருந்து கொடுத்துப்போன ஆஸ்பத்திரி டிரெஸ்ஸருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மீட்டரைச் சிங்கப்பூருக்கு அனுப்பிச் சரிசெய்யலாம் என்று பலர் சொல்லியும், வேறு கை அதைத் தொட வேண்டாம் என்று மறுத்துவிட்ட செட்டிப் பெரியவருக்குத் தனியாக என் வணக்கம்.

நான் சொன்னது பொய் என்று அறிந்தே அண்ணன் அவர்கள் இமையை மூடியிருக்கிறார். எனக்காகத்தான் அந்தக் கஞ்சியைக் குடித்தார். அவரைத் தேற்றியதாக நான் நினைத்துக்கொண்டிருந்த அந்த நான்கு நாளும் அவர்தான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தார். இதை அவரிடம் சொல்ல இனி எனக்கு வழியில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தம்பி