மெத்தைக்காரர் மகளுக்கு அம்மை குத்திய கதை

பெரியம்மை வந்த வருஷம் என்னைக் கண்டாலே தெருவில் கதவைச் சாத்துவார்கள். அம்மை குத்துவது என் வேலை. இறந்தவர் படுக்கையை எரிப்பதும் என் வேலை. என்னை அதிகம் வெறுத்தவர் மெத்தைக்காரர்.

பழைய பஞ்சைத் தூக்கிப் போடச் சொன்ன வாடிக்கையாளரைக் கடையை விட்டே துரத்தியவர் அவர். பிரித்து, வில்லால் அடித்து, வெயிலில் காட்டினால் எந்தப் பஞ்சும் புதுசு என்பார். மனைவி அம்மையில் இறந்த மறுநாளும் அதையேதான் செய்தார். நான் போனபோது அவள் படுத்திருந்த மெத்தையைப் பிரித்து அடித்துக்கொண்டிருந்தார். அறை முழுக்கப் பஞ்சு பறந்தது. பத்து வயது மகள் நடுவில் உட்கார்ந்து தும்மினாள். அம்மை குத்தாத பிள்ளை. உடனே குத்தினால் பிழைக்கலாம். தாமதித்தால் தாய்க்கு வந்ததுதான் அவளுக்கும்.

"பொண்ணு கையைக் காட்டச் சொல்லுங்க."

"பொண்டாட்டிய முழுங்கியாச்சு, இப்ப பொண்ணா? வெளிய போடி!"

"அப்புறம் திட்டுங்க. அந்தப் பஞ்சு பூரா அம்மை."

"உன் வாய் பூரா அம்மை."

எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து ஒருத்தி, "மூணு பேரையும் உள்ள வச்சுப் பூட்டுங்க!" என்று கத்தினாள்.

அவர் மகளின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பேசிப் பயனில்லை என்று, அவர் அடித்துக் கட்டி வைத்திருந்த பஞ்சு மூட்டையை வாசலுக்கு இழுத்தேன். அவ்வளவுதான். மகளை விட்டுவிட்டு மூட்டையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு இழுத்தார். நான் சட்டென்று கையை எடுத்தேன். மூட்டையோடு மல்லாந்து விழுந்தார்.

சிறுமி ஓடி வந்து சட்டைக் கையைச் சுருட்டினாள். "அப்பா எந்திரிக்கிறதுக்குள்ள குத்துங்க அத்தை!"

குத்தினேன். அவர் எழுந்து என் முதுகில் ஓர் அறை வைத்தார். மூட்டையைப் போலீஸ்காரர் வந்த பிறகுதான் எரிக்க முடிந்தது. அவர் தனக்குக் குத்திக்கொள்ளக் கடைசிவரை சம்மதிக்கவில்லை.

மகளுக்கு அம்மை வரவில்லை. அவருக்கு வந்தது. தெருவில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை, நான்தான் போனேன்.

"இவள யாரு உள்ள விட்டது?" என்று அந்த நிலையிலும் கத்தினார்.

"நான்தான். வாயை மூடுப்பா, அத்தை கண்ணைத் துடைக்கணும்," என்று மகள் அவர் கைகளை அமுக்கிப் பிடித்தாள்.

பிழைத்தார். ஒரு கண் போயிற்று. மிச்சமிருந்த கண்ணால் சாகும்வரை என்னை முறைத்தார்.