சின்னத்துரை சொன்ன ‘மூடு’

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஓரிடத்தில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல நிற்க முடியாது. இலங்கையில், பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வேலை. கொழுந்து பறிக்கும் பெண்களைக் கவனிப்பதும், கொழுந்தை நிறுத்துச் சிட்டையில் பதிவதும், வெள்ளைக்காரத் துரை சொல்வதை அவர்களுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வதும் என் பொறுப்பு. கடைசியாகச் சொன்னதுதான் இருப்பதிலேயே லேசான வேலை என்று நினைத்திருந்தேன்.

என்னை அலைக்கழித்தது வேலையல்ல, வண்டிப்பாதை. காலையில் கைக்குழந்தைக்காரிகள் பாதையோரத்து மரங்களில் ஏணை கட்டிப் பிள்ளைகளைப் போட்டுவிட்டு மலையேறுவார்கள். முதுகு கூனிப்போன ஒரு பெண்மணி காவல். முதல் நிறுவைக்குக் கொழுந்தோடு இறங்கி வரும்போது, அவரவர் பிள்ளையை எடுத்துக்கொண்டு பாதையோரத்திலேயே உட்கார்ந்து பால் கொடுப்பார்கள். ஏழெட்டுப் பேர் வரிசையாக. மாராப்பை ஒதுக்கிப் பிள்ளையை அணைத்துக்கொண்டு, வெற்றிலையும் போட்டுக்கொண்டு, பக்கத்திலிருப்பவளோடு சண்டையும் பிடித்துக்கொண்டிருப்பார்கள். பாதிப்பேருக்கு ரவிக்கை கிடையாது. கங்காணி அந்தப் பக்கமாகப் போவார், வண்டிக்காரர் போவார், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற ஆண்கள் கூட்டமாகப் போவார்கள். ஒருவரும் நின்று பார்க்கமாட்டார்கள். பார்க்காமலிருக்கப் பாடுபட்டவன் நான் ஒருவன்தான்.

எங்கள் ஊர் திருச்சிப் பக்கம். எங்கள் வீட்டில் பால் கொடுப்பது கதவுக்குப் பின்னால் நடக்கிற காரியம். என் தங்கைக்கு அம்மா பால் கொடுத்ததைக்கூட நான் கண்டதில்லை. இங்கே தராசைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பேன், சிட்டையைப் பார்ப்பேன், மறுபடி வானத்தைப் பார்ப்பேன். கால் தானாக இடம் மாறும். பெண்களுக்கு இது தெரிந்துவிட்டது.

“கணக்கப்புள்ளைக்கு மழை வருமான்னு பாக்குறதே பொழப்பாப் போச்சு” என்று ஒருத்தி சொல்ல, வரிசை முழுக்கச் சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதுளைக்குப் போனால் அங்கே எனக்குக் கூட்டாளிகள் உண்டு. கடைவீதியில் நம்மூர் முதலாளி ஒருவர், தோட்டத்துப் பெண் யாராவது கடைப்படியில் பால் கொடுக்க உட்கார்ந்தால், ஒரு செம்புத் தண்ணீரைப் படியில் ஊற்றிவிடுவார். “யாவாரம் பண்ற எடம்மா இது” என்பார். எதிரே துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரி அப்படி விரட்டமாட்டார். ஒரு துணியை விரித்து வாசலில் தொங்கவிட்டு, தான் உள்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொள்வார். எனக்கு முதலாளி செய்ததுதான் சரியென்று பட்டது. ஊர் என்றால் ஓர் ஒழுங்கு வேண்டாமா என்று முணுமுணுத்துக்கொண்டே மலையேறித் திரும்புவேன்.

அந்த வருஷம் துரைக்கு உதவியாகப் புதுச் சின்னத்துரை ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும். ஒரு சின்னப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தமிழ் படித்தார். அவர் அதிலிருந்து கற்றதெல்லாம் ஏவல்தான்: வா, போ, எடு, வெட்டு, மூடு. ஒரு காலை, சீமையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாளோடு வண்டிப்பாதையில் குதிரைமேல் வந்தார். பெண்கள் உட்கார்ந்தபடியே சலாம் சொன்னார்கள். மடியில் பிள்ளை இருக்கும்போது எப்படி எழுந்திருப்பது? அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சின்னத்துரையின் காது இரண்டும் சிவந்துவிட்டன.

“கணக்கப்புள்ளே! மூடு! பால் மூடு!” என்று என்னைப் பார்த்துக் கத்திவிட்டுக் குதிரையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

கடையை மூடினாலும் மூடுதான். துணியால் மூடினாலும் மூடுதான். ஒன்று நிறுத்துவது, மற்றது மறைப்பது. இரண்டும் எனக்குத் தெரியும். ஓடிப்போய் எதைச் சொன்னீர்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கு எது வசதியோ அதை எடுத்துக்கொண்டேன்.

“தொரை உத்தரவு” என்றேன். “இனிமே ரோட்டுல பால் குடுக்குறது கெடையாது. வேலை விட்டு லயத்துக்குப் போயித்தான் குடுக்கணும். மீறினா அன்னிக்குப் பேர் கெடையாது, கூலியும் கெடையாது.”

அவர்கள் குடியிருந்த லயம் இரண்டு மைல் கீழே. வேலை விடுவது சாயங்காலம். இதுவும் எனக்குத் தெரியும்.

மழையைச் சொல்லிக் கேலி செய்தவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். அவளுக்கு மூன்று மாதத்தில் ஒரு பெண் குழந்தை. அதற்கு முன் இரண்டு பெற்று இரண்டையும் புதைத்தவள்.

“ஏங்க, பச்சப்புள்ள பால் குடிக்கிறதுல தொரைக்கு என்னங்க நட்டம்?”

“உத்தரவுன்னா உத்தரவு.”

“அந்தி வரைக்கும் புள்ள என்னங்க செய்யும்?”

“கஞ்சித் தண்ணி ஊத்தச் சொல்லு” என்றேன். பிள்ளை வளர்த்துப் பழகியவனைப் போலச் சொன்னேன்.

அன்று முழுக்க ஏணைகளிலிருந்து அழுகை வந்தது. நான் மேல்மலைக்குப் போனேன், அங்கும் கேட்டது. ஓடைக்கு அந்தப் பக்கம் போனேன், அங்கும் கேட்டது. அவள் மார்த்துணி நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அதை ஒருமுறை பிழிந்துவிட்டு மறுபடி கொழுந்து கிள்ளினாள். கை நிற்கவில்லை. என் பக்கம் அவள் திரும்பவேயில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்படி மூன்று நாள். வளர்ந்த பிள்ளைகள் கஞ்சியைக் குடித்துச் சமாளித்துக்கொண்டன. நாலாம் நாள் அவளுடைய ஏணையிலிருந்து சத்தம் வரவில்லை. அழுகை கேட்டபோது காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. கேட்காமல் போனபோதுதான் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளிடம் போய், “புள்ள எப்பிடி இருக்கு?” என்றேன்.

“வயித்தால போகுதுங்க. நேத்து அந்தியில மார் குடுத்தேன், வாயே வைக்கல.” கொழுந்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

நான் கீழே ஓடினேன். சின்னத்துரை ஆபீஸில் தனியாக இருந்தார். மூச்சிரைக்க, “தொரைங்களே, புள்ளைங்க பால்… அந்த உத்தரவு… ஒரு புள்ள சாகக் கெடக்குதுங்க” என்று உளறினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கையையும் வாயையும் காட்டி விளக்கினேன். அவர் கண் விரிந்தது.

“பால் கொடு! யார் கொடுக்காதே சொன்னது?” என்றார். நாற்காலிமேல் கிடந்த துவாலையை எடுத்துத் தன் மார்பின்மேல் விரித்துக் காட்டினார். “மூடு! துணி மூடு! நீ என்ன சொன்னே?”

“அதேதாங்க சொன்னேன்” என்றேன்.

மேலே எப்படி ஏறினேன் என்று தெரியாது. “குடுங்க! எல்லாரும் எறங்கி வந்து குடுங்க!” என்று கத்திக்கொண்டே ஏறினேன். அவள் கூடையை அப்படியே போட்டுவிட்டுச் சரிவில் இறங்கினாள். பிள்ளையை ஏணையிலிருந்து எடுத்து நடுப்பாதையிலேயே உட்கார்ந்தாள். அதன் உதடு காய்ந்து தோல் உரிந்திருந்தது. மார்பை வாயில் வைத்தாள். பிள்ளை வாங்கவில்லை. பீய்ச்சி, உதட்டில் இரண்டு சொட்டு விட்டாள். அது கன்னத்தில் வழிந்தது. பெண்கள் சுற்றி நின்றார்கள். கவ்வாத்து ஆட்களும் வந்துவிட்டார்கள். நான் அவளுக்கு ஒரு முழம் தள்ளிக் குந்தியிருந்தேன். ஒருவரும் என்னை விலகச் சொல்லவில்லை. எனக்கும் விலகத் தோன்றவில்லை. அந்தச் சின்ன வாய் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

“குடி, குடி” என்று யாரோ சொல்லிக்கொண்டேயிருந்தார்கள். அது என் குரல் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

வெகுநேரம் கழித்துத் தொண்டை ஒருமுறை அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. அப்புறம் விடாமல் உறிஞ்ச ஆரம்பித்தது. நான் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“தொரை எப்பிடிங்க மனசு மாறுனாரு?” என்று அவள் கேட்டாள்.

அப்போது சொல்லியிருக்கவேண்டும். வாயைத் திறந்தேன். “நான் போயி பேசுனேன்” என்றேன். அதில் ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை. சின்னத்துரை உண்மையில் கொடுத்த உத்தரவை அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. அவர்கள் பழையபடி பாதையோரத்தில் உட்கார்ந்தார்கள். நானும் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அவள் குழந்தை பத்து நாளில் தேறிவிட்டது.

ஆனால் அன்று அவள் பிள்ளையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையால் என் காலைத் தொட்டாள். நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

“நீங்க நல்லா இருக்கணும் சாமி. ஒங்களுக்குப் பொறக்குற புள்ளைங்களுக்கு ஒரு கொறையும் வராது” என்றாள்.

எனக்கு நாலு பிள்ளைகள் பிறந்தன. ஒன்றைக்கூட நான் புதைக்கவில்லை.