எண்ணெய் விடாமல் ஓட்டப் பார்த்த இதயம்

என்னைப் போன்ற மடையன் தாராவியில் இன்னொருவன் இருக்கமாட்டான். பழைய தையல் மெஷின் வாங்கும்போது எண்ணெய் விடாமல் ஓட்டிப் பார்த்தால்தான் அதன் உண்மை லட்சணம் தெரியும் என்பது எங்கள் பட்டறை வழக்கம். டிரெட்மில்லில் நடக்கவிட்டு இதயத்தைச் சோதிக்கப் போகிறார்கள் என்றதும், அதே மூளையோடு பிரஷர் மாத்திரையை நானாகவே மூன்று நாள் நிறுத்திவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த நர்ஸ் திடுக்கிட்டு மறுபடியும் பார்த்தார்.

"மாத்திரை போட்டியளா அண்ணாச்சி?"

"அசல் இதயத்தைக் காட்டலாம்னு நிறுத்திட்டேம்மா" என்று பல்லைக் காட்டினேன்.

ஓடிவந்த டாக்டர், "இவ்வளவு பிரஷரோட டிரெட்மில்லுல ஏறியிருந்தா பக்கவாதமே வந்திருக்கலாம்" என்று சோதனையை நிறுத்தினார்.

இப்போதெல்லாம் எந்தச் சோதனை என்றாலும் மாத்திரை அட்டைகளோடு போய் முதலில் டாக்டரைக் கேட்கிறேன்.

"இனி அவரைக் கேக்காம எதையும் நிறுத்தமாட்டேன்" என்று மனைவியிடம் அன்றே சத்தியம் செய்தேன்.

"பீடியக் கேக்காமலே நிறுத்தலாம்" என்றாள்.